சட்டிக்குப் போகாத ஒன்று

என் மனைவி ஒப்பரேஷன் திகதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். இரண்டு தடவையும் சொன்ன காரணம் ஒன்றுதான். "மவுண்டுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துறது?"

மவுண்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் வரை தெரியாது. ஓர்கிட் செடியைச் சட்டியில் வைக்காமல், ஒரு மரத் துண்டிலோ தேங்காய்ப் பொச்சு மட்டையிலோ நைலோன் நூலால் கட்டிச் சுவரில் தொங்கவிடுவதுதான் மவுண்ட். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி என்பதால் அதற்கு அப்படி இருப்பதுதான் பிடிக்குமாம். நாளடைவில் வேர் மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிறகு நூலை அறுத்து எடுத்துவிடலாம். பார்க்க அழகுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டியில் இருக்கிற செடிக்கு அடியில் கொஞ்சம் ஈரம் தங்கும். மரத்தில் இருப்பதற்கு ஒரு சொட்டும் தங்காது. நாம் ஊற்றின தண்ணீரில் பாதி நிலத்தில் வழிந்துவிடும், மீதியைக் காற்று கொண்டுபோய்விடும்.

எங்கள் வீடு ஹந்தானை மலைச் சரிவில் இருக்கிறது. பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவில் ஆறடி இடம். அதன் மேலே நிழல் வலை கட்டி, சுவர் முழுக்க ஆணி அடித்து, முப்பத்தொரு துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். மாசி, பங்குனியில் மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்த ஆறடிச் சந்துக்குள் நுழைந்துதான் போகும். காலையில் நனைத்த வேர் பத்து மணிக்கே வெள்ளிக் கம்பி மாதிரி வெளுத்துக் காய்ந்து நிற்கும்.

அதனால் விடிந்தும் விடியாமலும் அவள் அங்கே நிற்பாள். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்துவாள். வெளுத்த வேர் பச்சையாக மாறும் வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். பிறகு வடியவிட்டு, குருத்துக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் வாயால் ஊதி வெளியேற்றி, திரும்ப மாட்டுவாள். முப்பத்தொன்றுக்கும் இதே பூசைதான். சாயங்காலம் கைப்பம்பால் இன்னொரு தடவை நனைப்பாள். ஞாயிற்றுக்கிழமை உரம், அதுவும் தேநீர்ச் சாயத்தைவிட மெல்லியதாக. மழைக்காலம் வந்தால் தண்ணீர் வேலை குறையும், வேறு வேலை கூடும். நத்தை பொறுக்க வேண்டும், பாசியைச் சுரண்ட வேண்டும், துருப்பிடித்த கம்பியை மாற்ற வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் மரமே உக்கிப் போகும். அப்போது உக்கின துண்டோடு சேர்த்துப் புது மரத்தில் கட்ட வேண்டும். எங்கள் மகனை வளர்க்கும்போதுகூட இவ்வளவு பாடு படவில்லை. அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான், வாரத்துக்கு ஒரு போன் போதும் அவனுக்கு.

இதையெல்லாம் அவள் பல்லேகலயில் தையல் தொழிற்சாலையில் சுப்பர்வைசராக இருந்தபோதே செய்துகொண்டுதான் இருந்தாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த வேலையை விட வேண்டி வந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போனது. உடம்பில் இரத்தமே இல்லை என்று சொல்லி டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அது போதாமல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து இரத்தமும் ஏற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்தொன்பது படி. அவள் அதில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் மேலே வருவாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் கடதாசி மாதிரி இருக்கும். அப்படியிருந்தும் வாளி தூக்குவாள். வாளி தூக்கின அன்று உதிரம் இன்னும் கூடும்.

முதல் திகதியைத் தள்ளிப்போட்டபோது எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. மழை பெய்யட்டும், பிறகு போகிறேன் என்றாள், சரி என்றேன். இரண்டாவது திகதி வந்தது. முதல் நாள் பையெல்லாம் கட்டிவைத்துவிட்டு, காலையில் எழும்பி, "இன்னைக்கு ஏலாதுங்க. மொட்டு வந்திருக்கு, இப்ப காஞ்சா போச்சு" என்றாள். நான் வாளியை உதைத்தேன். அது சுவரில் மோதி உடைந்தது. கத்திவிட்டு வேலைக்குப் போனேன். நான் வேலை செய்வது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை. சாயங்காலம் அதே கடையிலிருந்து ஒரு புது வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 

நீயே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை ஹேவாஹெட்டவில் அவளுடைய சொந்தத்தில் ஒரு சாவு. இரண்டு நாள் போயிருந்தாள். நான் சாயங்காலம் வந்து ஹோஸ் பைப்பைப் பிடித்து எல்லாவற்றுக்கும் சுவரோடு சேர்த்து அடித்தேன். நல்ல வேலைதான் செய்தேன் என்று நினைத்தேன். குருத்துக்குள் தண்ணீர் நின்று ஒன்று அழுகிப் போனது. அதை அவள் அதற்குப் பிறகு ஒரு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பாள். என் கையில் ஓர்கிட்டைக் கொடுப்பதும் ஒன்று, ஆட்டின் வாயில் கொடுப்பதும் ஒன்று என்பது அவள் கணக்கு.

மூன்றாவது திகதி கிடைத்தபோது கிளினிக்கில் இருந்த நர்ஸ், இதற்கும் வராவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதை அவர் அதட்டலாகச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார்.  பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். மூன்று வாரம் இருந்தது.

"எல்லாத்தையும் கழட்டிச் சட்டில வச்சிருவோம்" என்றேன். "சட்டில இருந்தா மூனு நாளைக்கு ஒருக்கா ஊத்தினா போதும்னு நீதானே சொல்லுவ. அதை நான்கூட கெடுக்க ஏலாது."

 அடுத்த நாள் சோறு போடும்போதுதான் பதில் சொன்னாள். "சரி. ஆனா வேரை உடைக்கக் கூடாது. வெசாக் மல்லைத் தொடவே கூடாது."

சிங்களத்தில் வெசாக் மல், அதாவது வெசாக் பூ என்று சொல்கிற அந்தச் செடி, வைகாசிப் பௌர்ணமியில் வருகிற வெசாக் பண்டிகையையொட்டிப் பூக்கும். தண்டெல்லாம் கீழே பார்த்துத் தொங்கும், சட்டியில் வைத்தால் மண்டி போட்டமாதிரி கிடக்கும். பேராதனையில் ஒரு பூக் கண்காட்சியில் விரல் நீளத்தில் வாங்கி, பலாத் துண்டில் கட்டி, கை நீளத்துக்கு வளர்த்திருந்தாள். அது ஒன்று மரத்திலேயே இருக்கட்டும், மற்ற முப்பதும் சட்டிக்குப் போனால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தாள். துண்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், அப்போது வேர் வளைந்து கொடுக்கும். மூங்கில் சிம்பை மரத்துக்கும் வேருக்கும் நடுவில் விட்டு மெல்ல நெம்ப வேண்டும். வராத வேரை இழுக்கக் கூடாது, மரத்தையே சிராயாகக் கொத்தி வேரோடு எடுக்க வேண்டும். செத்த வேரை அமுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, அதை வெட்டலாம். சட்டி பக்கமெல்லாம் ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். அடியில் ஓட்டுத் துண்டு, மேலே கரி, பொச்சுத் துண்டு.

"சும்மா போட்டு நிறுத்தினா போதும். கையில புடிச்சா ஆடணும். அழுத்திராதீங்க" என்றாள்.

ஆறு செடி முடிந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நான் ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு டவுனுக்கு வருமுன் இரண்டு வருடம் தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தேன். தேயிலைக் கொழுந்துக் குச்சியை ஒரு இலையோடு வெட்டி, மண் நிரப்பின பொலித்தீன் பைக்குள் நட்டு, இரண்டு பெருவிரலாலும் இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். கங்காணி வந்து குச்சியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி கிழிப்பார். நட்டு முடிந்ததும் மூங்கிலை வளைத்து மேலே பொலித்தீன் கூடாரம் போட்டு, ஓரத்தையெல்லாம் மண் போட்டு அடைத்துவிடுவோம். வாரக்கணக்கில் திறக்கக் கூடாது. உள்ளே ஈரம் சுற்றிச் சுற்றி வரும், குச்சி வேர் விடும். நான் நட்ட குச்சி தவறினது கிடையாது. என் வாழ்க்கையில் யாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னது அந்த இரண்டு வருடத்தில்தான்.

முப்பது வருடம் கழித்தும் பெருவிரல் அதை மறக்கவில்லை. அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பொச்சுத் துண்டு பெரிதாக இருந்தால் இறுக்கம் வராது என்று அதைச் சின்னச் சின்னதாகக் கொத்தினேன். செடியை நடுவில் வைத்து, அடிப்பகுதி மூடும்படி நிரப்பி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குக் கங்காணி தோளைத் தட்டினமாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே செய்து முப்பதையும் முடித்தேன். அவள் சொன்னபடி நட்டிருந்த முதல் ஆறையும் திரும்ப எடுத்து அழுத்திவைத்தேன், மடையன். பிறகு கடையில் இருந்து பொலித்தீன் கொண்டுவந்து கூடாரம் போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்து அடைத்தேன்.

"காத்து வேணுமேங்க அதுக்கு" என்றாள் அவள், கதவைப் பிடித்து நின்றபடி.

"தண்ணி ஊத்துற வேலையே இல்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தெறக்கவே தேவையில்ல. எத்தனை ஆயிரம் கன்னு இப்படி வளர்த்திருக்கேன் தெரியுமா? எனக்குச் சொல்லித்தர வந்துட்ட."

அவள் என்னை நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபது வருடமாக என் கையில் ஒரு செடியையும் கொடுக்காதவள், அன்றைக்கு நான் அடித்துப் பேசின பேச்சில் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் முகமே மாறினது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சாமானை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். கவுன், துவாய், கோப்பை, கிளினிக் கொப்பி. கூடாரத்துக்குள் பொலித்தீனில் நீர் முத்து முத்தாக நின்றது. தினமும் வெளியில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவாள். நானும் பெருமையாகப் பார்ப்பேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அந்தப் பக்கம் போனபோது ஒரு வாடை வந்தது. மண்திட்டில் எலி செத்திருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்றுமேடைக் கூடாரத்துக்குள் மூக்கை விட்டால் ஈர மண் வாடை வரும், இந்த வாடை வராது. அது எனக்குத் தெரியும்.

அவள் வார்ட்டில் சேர வேண்டியதற்கு முதல் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. பகல் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கின பிறகு, நான் கல்லை எடுத்து வைத்துவிட்டுப் பொலித்தீனைத் தூக்கினேன்.

முதலில் தொட்டதன் இலை கையோடு வந்தது. அடி முழுக்கக் கறுத்து, கெட்டுப்போன உருளைக்கிழங்கு மாதிரி நசுங்கியது. அடுத்ததில் வெள்ளைப் பூஞ்சணம். அடுத்தது மேலே பச்சையாக நின்றது, பிடித்தால் உள்ளே தண்ணீர். ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்று. மீதி பத்தொன்பதும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலை. மூச்சு விட வேண்டிய வேரை நான் கழுத்து வரை மூடி, அழுத்தி, வாயையும் கட்டியிருக்கிறேன்.

அவளிடம் சொன்னால் நாளைக்குப் போக மாட்டாள். அது எனக்கு வெயில் போலத் தெரிந்தது. மூன்றாவது திகதியும் போகும், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. படியில் அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சத்தம் காதில் கேட்டது. பதினொன்றையும் ஒரு உரப் பையில் போட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வைத்தேன். மீதியை இடைவெளி தெரியாதபடி பரப்பி அடுக்கி, பொலித்தீனை மூடினேன். கையை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை.

சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டாள். "எப்படி இருக்குங்க?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"வேர் புடிச்சிருக்குமா?"

"புடிக்காம என்னா. நீ வந்து பாரு, பிறகு பேசு."

அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

காலை ஏழு மணிக்கு ஓட்டோ சொல்லியிருந்தேன். ஆறரைக்கே அவள் குளித்து, திருநீறு பூசி, பையை வாசலில் வைத்துவிட்டாள். சரி, தப்பித்தோம் என்று நினைத்துக் கதவைப் பூட்டத் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளைக் காணவில்லை. பின்பக்கம் ஓடினேன். கூடாரத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தினமும் முப்பத்தொன்றை எண்ணிப் பழகினவளுக்குப் பத்தொன்பதை எண்ண எவ்வளவு நேரம் எடுக்கும்?

"மிச்சம் எங்க?" என்றாள்.

 மூக்கு அவளுக்கு வழி காட்டியது. தாங்கிக்குப் பின்னால் போய் உரப் பையை விரித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையை மூடிவிட்டு வந்து பின்படியில் உட்கார்ந்தாள்.

"எப்ப பார்த்தீங்க?"

"நேத்து."

"நேத்து சாயங்காலம் கேட்டேனே."

"சொன்னா நீ போக மாட்ட."

"பையை உள்ள எடுத்து வைங்க" என்றாள்.

கீழே ரோட்டில் ஓட்டோக்காரன் வந்து நின்று ஹோர்ன் அடித்தான். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. செய்த குற்றத்தை மறந்துவிட்டுக் கத்தினேன். "செடி செத்தா வேற வாங்கலாம்! நீ செத்தா நான் எங்க போயி வாங்குறது? பூவு பூவுன்னு உசுரை விடப்போறியா? உனக்கு அந்தப் பலகைதான் பெருசு, நான் என்னா, இந்தச் சுவத்துல அடிச்ச ஆணியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் காலியாக இருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்காவும் ஒரு வாரத்துல வந்துருவேன்னுதான் சொல்லிட்டுப் போனா."

அவளுடைய அக்காவுக்கும் இதே வியாதிதான். பல வருடத்துக்கு முன் வேறு ஊரில் ஒப்பரேஷனுக்குப் போனவள், அடுத்த நாளே காய்ச்சல் கண்டு திரும்பி வரவில்லை. எனக்குத் தெரிந்த கதை. சாவு வீட்டில் நானும்தான் நின்றேன். ஆனால் இரண்டு திகதி போன பிறகும் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் முப்பத்தொரு துண்டையும் சுவரில் மாட்டி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். நான் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவள் கை ஐஸ் போல இருந்தது.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க என்னா செய்வீங்க? வாளியை உதைப்பீங்க."

 ஹோர்ன் திரும்பவும் அடித்தது. "அண்ணே, போவமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இருங்க தம்பி" என்று கத்திவிட்டு எழும்பினேன். சுவரில் தனியாகத் தொங்கின வெசாக் மல்லை ஆணியிலிருந்து கழற்றினேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதை எப்படி நனைக்கிறதுன்னு இப்ப சொல்லிக்குடு. சட்டில வைக்க மாட்டேன். நீ வர்ற வரைக்கும் காலையும் சாயங்காலமும் நான் செய்வேன். இனிமே பொய்யும் சொல்ல மாட்டேன். செத்தா செத்துச்சுன்னு வந்து சொல்றேன்."

என் கையைப் பார்த்தாள். பிறகு, "அப்படிப் புடிக்காதீங்க, தண்டு முறியும்" என்றாள்.

வாளியில் தண்ணீர் எடுத்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பிடித்துவைத்த தண்ணீர் என்றாள், ஊற்றிவிட்டு மாற்றினேன். துண்டைச் சரித்து அமிழ்த்தச் சொன்னாள். எடுக்கலாமா என்று கேட்டேன். "வேரைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்றாள். வெள்ளை வேர் நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பச்சையாக மாறியது. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வடியவிட்டு, குருத்தை ஊதி, ஆணியில் மாட்டினேன். அவள் எழும்பி வந்து அதை ஒரு விரற்கடை திருப்பிவிட்டாள், என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றாள். "இந்தக் காத்துல ஒரு நாள் தண்ணி இல்லன்னா வேர் செத்துரும்."

"விட மாட்டேன்."

"மத்ததெல்லாம் தளர்த்தி வைங்க. அந்தப் பொலித்தீனைத் தூக்கிப் போடுங்க."

பிறகு பத்தொன்பது படியும் இறங்கினாள். இடையில் உட்காரவில்லை.

அன்று பகல் அவளை வார்ட்டில் விட்டுவிட்டு வந்து, பொலித்தீனைக் கிழித்து எறிந்தேன். பத்தொன்பது சட்டியையும் கவிழ்த்து, பொச்சுத் தூளையெல்லாம் உதறி, கரியைப் பெரிது பெரிதாகப் போட்டு, கையில் பிடித்தால் ஆடுகிற மாதிரி நிறுத்தினேன். பெருவிரலை மடக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தேன். சாயங்காலம் பலாத் துண்டை நனைத்தேன். பச்சையாக மாறும் வரை வேரைத்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் ஒப்பரேஷன். இருட்டோடு எழும்பி, முகத்தைக் கழுவி, கிடைத்த முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு தடவை பார்க்கவிட்டார்கள். தலைக்குப் பச்சைத் தொப்பி போட்டிருந்தது. விரலை மட்டும் ஆட்டினாள். கதவு மூடியது. அதற்குப் பிறகு நான் வெளியில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், அது ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அக்காவின் சாவு வீடு ஞாபகம் வந்தது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு நர்ஸ் வந்து, முடிந்தது, இரத்தம் ஏற்றுகிறார்கள், பின்னேரம் பார்க்கலாம் என்றார். 

ஐந்து மணிக்கு விட்டார்கள். சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி. கண் மூடியிருந்தது. கிட்டப் போய் நின்றேன். எனக்குக் கூப்பிடப் பயம். கொஞ்ச நேரம் கழித்து அவளே கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது, என்னமோ சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலையிலும் இல்லை, இப்போது பின்னேரமும் ஆகிவிட்டது. வெளியில் நல்ல காற்று. அந்த ஆறடிச் சந்தும், வெள்ளையாய்க் காய்ந்து நிற்கிற வேரும் கண்ணில் தெரிந்தன. ஊத்தினேன் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. இந்த நிலைமையில் ஒருத்தியிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் பின்படியில் வைத்து அவளுக்குச் சொன்ன சொல் இருந்தது.

"இல்ல" என்றேன். "மறந்துட்டேன். காலையில இருந்து ஒரு சொட்டும் ஊத்தல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல" என்றாள். "ஒரு நாள் தாங்கும்."

இரண்டு திகதி, ஒரு வாளி, பதினொரு செடி, அவள் உடம்பிலிருந்து வீணாகப் போன இரத்தம், எல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் போனது. அது தாங்குமாம். தாங்கும் என்று அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த வார்ட்டே அதிரும்படி கத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டினாள்.

"அழுகாம வீட்டுக்குப் போயி ஊத்துங்க. ரெண்டு நாள் தாங்காது."